கேட்டுவிட்டு அழிப்பதா, அழித்தபின் மீட்பதா?

வலைச் செயலி கட்டுகிற எந்தக் குழுவும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேரும். பயனர் ‘அழி’ பட்டனைத் தட்டுகிறார். உடனே அழித்துவிடலாமா? ‘நிச்சயமாகவா?’ என்று ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்கலாமா? முதலில் அழித்துவிட்டு, ‘வேண்டுமானால் மீட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லலாமா? பெரும்பாலான இடங்களில் இதை யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. ஒரே வரி நிரலில் பெட்டியை வரவழைக்கும் வசதி பிரௌசரிலேயே இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

இடைமுக வடிவமைப்பு விதிகளைப் புரட்டினாலும் நேரான பதில் கிடைக்காது. பயன்பாட்டு வடிவமைப்பு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1994-ல் வகுத்த பத்து விதிகளைத்தான் இன்றும் பலர் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். அவற்றில் மூன்றாவது விதி, செய்ததைத் திருப்பும் வழி பயனருக்கு வேண்டும் என்கிறது. ஐந்தாவது விதி, தவறு நடக்கும் முன்பே தடுங்கள், தேவையான இடத்தில் உறுதி கேளுங்கள் என்கிறது. இரண்டும் சரியே. உங்கள் திரையில் இருக்கிற குறிப்பிட்ட ஒரு பட்டனுக்கு எது பொருந்தும் என்பதை மட்டும் அவை சொல்வதில்லை. மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் வலைத்தளங்களைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையும் அப்படித்தான். சட்டப் பொறுப்பு, பணப் பரிமாற்றம், பயனரின் தரவை மாற்றுவது அல்லது அழிப்பது ஆகியவற்றில், செயலைத் திருப்ப முடிய வேண்டும், அல்லது பிழையைச் சரிபார்த்துத் திருத்த இடம் தர வேண்டும், அல்லது முடிக்கும் முன் ஒருமுறை பார்த்து உறுதி செய்ய விட வேண்டும். மூன்றில் ஒன்று இருந்தால் போதும் என்று தேர்வை நம்மிடமே விட்டுவிடுகிறது.

இந்தத் தேர்வை ‘எவ்வளவு ஆபத்தான செயல்’ என்ற அளவுகோலால் மட்டும் செய்வது போதாது என்பது என் உறுதியான கருத்து. செய்தது தவறு என்று அந்த மனிதருக்கு எப்போது தெரியவரும் என்று முதலில் கேட்க வேண்டும். தட்டிய அடுத்த நொடியிலா, மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போதா, வேறொருவர் சொல்லும்வரை தெரியவே தெரியாதா? கூடவே இன்னொன்றும் கேட்க வேண்டும்: அது தெரியவரும் நேரத்தில் விஷயம் நம் சர்வரைத் தாண்டிப் போயிருக்குமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எந்த முறை வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும்.

ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் செயலியை வைத்துப் பார்ப்போம். பில்லில் ஒரு வரியை நீக்குவது, வாடிக்கையாளர் கணக்கை அழிப்பது, எல்லோருக்கும் தீபாவளி எஸ்எம்எஸ் அனுப்புவது, இ-இன்வாய்ஸ் (அரசின் ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிவாகும் மின் பில்) எடுப்பது, சரக்கு தந்தவர்களுக்குப் பணம் போடுவது எல்லாம் அதில் நடக்கின்றன.

உறுதி கேட்கும் பெட்டி

இதன் பெரிய பலம் செலவு குறைவு என்பது. டேட்டாபேஸில் கைவைக்க வேண்டாம், பழைய நிரலை மாற்ற வேண்டாம். அரை மணி நேர வேலை.

பலவீனத்தைப் பார்க்க மாலை ஆறு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் கையைக் கவனித்தால் போதும். எதிரில் ஆட்கள் நிற்கிறார்கள். ஒருவர் இரண்டு டஜன் கேட்டு ஒரு டஜனாகக் குறைக்கிறார். இன்னொருவர் ஒரு பொருளே வேண்டாம் என்கிறார். ஒவ்வொரு முறையும் வரியைத் தேர்ந்தெடுத்து டிலீட், பெட்டி வந்ததும் என்டர். பத்துமுறை இப்படிச் செய்தபின் டிலீட்டும் என்டரும் கைக்கு ஒரே அசைவாகிவிடும். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று கண் பார்ப்பதே இல்லை. அன்று தவறான வரியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அதே இரட்டை அசைவுதான். பெட்டி வந்து மறைந்ததுகூட அவருக்கு நினைவிருக்காது.

வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் நார்மன் மனிதத் தவறுகளை இரண்டாகப் பிரிக்கிறார். நினைத்தது சரி, கை வேறொன்றைச் செய்துவிட்டது என்பது ஒரு வகை. நினைத்ததே தவறு, கை அதை ஒழுங்காக நிறைவேற்றியது என்பது இன்னொரு வகை. கல்லாவில் நடப்பது முதல் வகை. அங்கே பெட்டியைப் பழக்கம் தோற்கடிக்கிறது. இரண்டாம் வகையில் பெட்டியின் நிலை இன்னும் மோசம். ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டால் அவர் நிச்சயமாகத்தான் இருக்கிறார்.

ஹவாயில் 2018 ஜனவரி 13 காலை 8:07-க்கு நடந்தது இதற்கு நேரடி உதாரணம். ஏவுகணை வருகிறது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள் என்ற எச்சரிக்கை மாநிலம் முழுக்க மக்களின் போன்களுக்குப் போனது. யாரோ தவறான பட்டனை அழுத்திவிட்டார் என்றுதான் முதலில் சொன்னார்கள். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் விசாரித்தபோது தெரிந்தது வேறு: பயிற்சிக்காகப் போனில் ஒலிக்கவிட்ட செய்தியை அந்த ஊழியர் உண்மை என்றே நம்பியிருக்கிறார். அனுப்பவா என்று மென்பொருள் உறுதி கேட்டது. அவரும் ஆம் என்றார். ஏவுகணை வருவதாக நம்புகிறவர் வேறென்ன சொல்வார்? அதைவிடக் கொடுமை பிறகு நடந்தது. தவறு என்று அலுவலகத்தில் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் ‘அது பொய்யான எச்சரிக்கை’ என்று அதே வழியில் அனுப்புவதற்குத் தயாராக ஒரு செய்தி அந்த மென்பொருளில் இல்லை. மறுப்பு போய்ச் சேர 38 நிமிடங்கள் ஆயின. அனுப்பும் முன் கேட்கிற பெட்டியைச் செய்தவர்கள், அனுப்பிய பிறகு திருத்துகிற வழியைச் செய்யாமல் விட்டிருந்தார்கள்.

பெட்டியே கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அரிதாக வந்து, பயனருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுமானால் பெட்டி நன்றாகவே வேலை செய்யும். ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்பதில் புதிய செய்தி எதுவும் இல்லை. ‘இந்த வாடிக்கையாளருடன் அவருடைய 214 பில்களும் போய்விடும், ரூ.38,400 பாக்கி நிலுவையில் இருக்கிறது’ என்பதில் இருக்கிறது. பாக்கி இருப்பதைப் பார்த்ததும் கை நிற்கும்.

பட்டன்களில் வைக்கும் சொல்லும் முக்கியம். ‘இந்த ஆர்டரை ரத்து செய்யவா?’ என்று கேட்டுவிட்டுக் கீழே ‘ரத்து’, ‘சரி’ என்று இரண்டு பட்டன் வைத்தால் எதைத் தட்டினால் ஆர்டர் பிழைக்கும் என்று யாருக்கும் புரியாது. ‘ஆர்டரை ரத்து செய்’, ‘ஆர்டர் இருக்கட்டும்’ என்று எழுதுங்கள். பிரௌசர் தானாகத் தரும் பெட்டியில் பட்டன் சொற்களை மாற்ற முடியாது. பட்டன் சொற்களை நாமே எழுதிக்கொள்ளக்கூடிய பெட்டியைத் தரும் டயலாக் என்ற எச்டிஎம்எல் உறுப்பு 2022 மார்ச்சிலிருந்து எல்லாப் பெரிய பிரௌசர்களிலும் இருப்பதால் இன்று அதற்குச் சாக்கு இல்லை. பெட்டி திறந்ததும் கீபோர்டு கவனம், அதாவது என்டர் அடித்தால் இயங்கும் இடம், பாதுகாப்பான பட்டனில் நிற்கட்டும். அப்போது பழக்கத்தில் அடிக்கும் என்டர் எதையும் அழிக்காது.

அன்டூ

செய்ததை உடனே திருப்பும் வசதிதான் அன்டூ. ஜிமெயிலில் அனுப்பிய மெயிலை நிறுத்தும் வசதி 2009-ல் சோதனை அம்சமாக வந்தது. 2015-ல் முறையான அமைப்பாகச் சேர்ந்தது. 5, 10, 20, 30 நொடிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அனுப்பிய மெயிலை அது துரத்திப்போய்ப் பிடித்து வருவதில்லை. அத்தனை நொடிகள் மெயில் கிளம்பாமலே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ‘எல்லோருக்கும் அழி’ என்பதற்குப் பதிலாக ‘எனக்கு மட்டும் அழி’ என்பதைத் தட்டிவிட்டுத் தவித்தவர்களுக்கு 2022 டிசம்பரில் ஐந்து நொடி அவகாசம் கொடுத்தார்கள். அதற்கு முன் அந்தத் தவறைச் செய்தவரின் நிலை பரிதாபமானது: செய்தி தன் திரையில் இல்லை, மற்ற எல்லோர் திரையிலும் இருக்கிறது, இனி அதைத் தொடவும் முடியாது.

கைத்தவறுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. கைத்தவறை மனம் உணர்வது பெரும்பாலும் விளைவைக் கண்ணால் பார்த்தபின்தான். கேள்வி கேட்கும் நேரத்தில் விளைவு இன்னும் நடக்கவில்லை. வரி மறைந்ததும் ‘ஐயோ, இது இல்லையே’ என்று தோன்றும், அந்த நொடியில் மீட்கும் பட்டன் பக்கத்திலேயே இருக்கிறது. தவறே செய்யாத நூறு முறையும் யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை என்பதால் கல்லாவில் வரிசையும் நகரும்.

செலவு டெவலப்பருக்கு. இரண்டு வழிகளில் செய்யலாம். ஜிமெயில் மாதிரி செயலைச் சில நொடி தள்ளிப்போடலாம். இதில் பலர் கோட்டைவிடும் இடம், அந்தக் காத்திருப்பை பிரௌசரில் வைப்பது. பயனர் லேப்டாப்பை மூடிவிட்டால் அனுப்பிவிட்டதாக நினைத்த செய்தி போகாமலே நின்றுவிடும். காத்திருப்பு சர்வரில் இருக்க வேண்டும். இன்னொரு வழி, செயலை உடனே செய்துவிட்டு, கேட்டால் எதிர்ச்செயல் செய்வது. பில் வரி நீங்கினால் இருப்பில் ஒன்று கூடும், மீட்டால் ஒன்று குறையும். ஆனால் நடுவில் இருந்த எட்டு நொடியில் பக்கத்துக் கவுண்டர் அந்தப் பொருளில் கடைசியாக இருந்ததை விற்றிருந்தால்? மீட்க முடியாத நிலையை எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டியிருக்கும்.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. திரையின் அடியில் எட்டிப்பார்த்து ஐந்து நொடியில் மறையும் அந்தச் சின்னப் பட்டை எல்லோருக்கும் பயன்படுவதில்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்துக் கேட்பவர் அறிவிப்பைக் கேட்டு, டேப் விசையைத் தட்டித் தட்டிப் பக்கத்தின் அடிக்குப் போவதற்குள் அது போயிருக்கும். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவரின் திரையில் அந்த மூலை தெரிவதே இல்லை. கை நடுக்கம் உள்ள முதியவருக்கு ஐந்து நொடியில் குறிவைத்துத் தட்டுவது கடினம். நேர வரம்பு வைத்தால் பயனர் அதை நிறுத்தவோ நீட்டவோ வழி வேண்டும் என்பது டபிள்யூசிஏஜியின் அடிப்படை நிலை விதிகளிலேயே இருக்கிறது. அதனால் நான் பரிந்துரைப்பது: அழித்த வரியை அதே இடத்தில் மங்கலாக விட்டு, அதன் மேலேயே ‘மீட்க’ என்ற பட்டனை வையுங்கள். பில்லைச் சேமிக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும். கண்ணும் கையும் ஏற்கெனவே அந்த இடத்தில்தான் இருக்கின்றன. கீபோர்டு கவனத்தையும் அந்தப் பட்டனுக்கே நகர்த்தலாம்.

குப்பைத்தொட்டி

வாடிக்கையாளர் கணக்கை அழித்தது தவறு என்று அன்றே தெரியாது. அந்தக் கடைக்காரர் மூன்று வாரம் கழித்து வந்து பழைய பில்லைக் கேட்கும்போதுதான் தெரியும். அன்டூ பட்டை என்றோ போய்விட்டது. இங்கே வேண்டியது குப்பைத்தொட்டி. ஜிமெயில் அழித்த மெயிலை 30 நாள் வைத்திருக்கிறது. டெவலப்பர்கள் நிரலைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் அழித்த களஞ்சியங்கள் (நிரல் தொகுப்புகள்) பலவற்றை 90 நாளுக்குள் மீட்கலாம்.

இதைச் செய்யும் வழக்கமான முறை, பதிவை அழிக்காமல் ‘அழித்த நேரம்’ என்று ஒரு நெடுவரிசை வைத்துக் குறிப்பது. எளிதாகத் தெரியும், ஆனால் நீண்ட காலம் வேலை வைக்கும். டேட்டாபேஸிலிருந்து தரவு கேட்கும் ஒவ்வொரு வினவலிலும் அழித்தவற்றைத் தவிர்க்கும் நிபந்தனை வேண்டும். ஓர் அறிக்கையில் மறந்தாலும் மொத்தம் தப்பாகும். இதைவிட அடிக்கடி வருவது போன் நம்பர் சிக்கல். அழித்த வாடிக்கையாளரை அதே நம்பருடன் புதிதாகச் சேர்த்தால் ‘இந்த நம்பர் ஏற்கெனவே உள்ளது’ என்று செயலி மறுக்கும். பட்டியலில் தேடினால் ஆளே இருக்க மாட்டார். கவுண்டரில் இருப்பவருக்கு இது பைத்தியம் பிடிக்கவைக்கும் விஷயம். ‘இந்த நம்பரில் இருந்த கணக்கு குப்பைத்தொட்டியில் இருக்கிறது, மீட்கவா?’ என்று அந்த இடத்திலேயே கேட்டால் சிக்கலே வசதியாக மாறிவிடும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 முதல் தனிநபருக்குத் தன் தரவை அழிக்கச் சொல்லும் உரிமை தருகிறது. இந்தியாவின் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அழிப்பு உரிமை உண்டு. மறைத்துவைப்பது அழிப்பதாகாது. தொட்டிக்குக் கெடு வேண்டும், எத்தனை நாளில் நிரந்தரமாகப் போகும் என்று திரையில் தெரிய வேண்டும்.

கணக்குப் பதிவுகளில் நிலைமை தலைகீழ். அங்கே அழிக்கவே விடக்கூடாது. கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிவுசெய்ய வேண்டும், அந்தப் பதிவை நிறுத்திவைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தவறான பதிவுக்கு ரிவர்ஸ் என்ட்ரி, அதாவது அதை ஈடுகட்டும் எதிர்ப்பதிவு, போடுவதுதான் கணக்கர்களின் வெகுகால வழக்கமும். இ-இன்வாய்ஸுக்கு இன்னும் தெளிவான எல்லை உண்டு: எடுத்த 24 மணி நேரத்துக்குள் போர்ட்டலில் ரத்து செய்யலாம். அதைத் தாண்டினால் பொதுவாக கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் காட்டும் தனி ஆவணம்) போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். இடைமுகம் இந்த எல்லையை அறிந்திருக்க வேண்டும். முதல் நாளில் பட்டன் ‘இன்வாய்ஸை ரத்து செய்’ என்று சொல்லட்டும், பக்கத்தில் எந்தத் தேதி எத்தனை மணிவரை என்று காட்டட்டும். நேரம் கடந்ததும் அதே இடத்தில் ‘கிரெடிட் நோட் போடு’ என்று மாறட்டும். பட்டனை மங்கலாக்கிவிட்டுக் காரணம் சொல்லாமல் விடுவது பயனரைப் போன் செய்யவைக்கும் வேலை.

பெயரைத் தட்டச்சு செய்யவைப்பது

கிட்ஹப்பில் களஞ்சியத்தை அழிக்க அதன் முழுப் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும். தவறான பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு அழிக்கப் போகிறவரை இது பிடித்து நிறுத்தும், ஏனென்றால் பழக்கத்தில் கை செய்யும் அசைவு இதற்கு உதவாது. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் காரியத்துக்கு மட்டும் பொருந்தும்: கடையின் மொத்தக் கணக்கையும் மூடுவது, ஒரு கிளையையே நீக்குவது. தினமும் கேட்டால் எல்லோரும் நகலெடுத்து ஒட்டிவிடுவார்கள்.

இரண்டாவது ஆள்

பணம் வெளியே போகும் இடங்களில் ஒருவர் பதிந்து இன்னொருவர் ஒப்புக்கொள்ளும் மேக்கர்–செக்கர் முறையை நம் வங்கிகளில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். தன் தவறு தனக்குத் தெரியவராத இடங்களில் இதுதான் வழி. ஹவாயிலும் பிறகு இருவர் சேர்ந்தால்தான் எச்சரிக்கை போகும் என்று மாற்றினார்கள், ரத்து செய்யும் செய்தியையும் தயாராக வைத்தார்கள்.

ஆனால் ஆட்களைக் கூட்டினால் மட்டும் போதாது என்பதற்கு சிட்டிபேங்க் விவகாரம் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 11 அன்று ரெவ்லான் என்ற அழகுசாதனக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு அது வட்டி மட்டும், சுமார் 78 லட்சம் டாலர், அனுப்ப வேண்டியிருந்தது. அசலை மென்பொருளில் தீர்ந்ததாகக் காட்டி, வங்கியின் உள்கணக்கு ஒன்றுக்குத் திருப்பிவிடுவது திட்டம். அதற்கு பிரின்சிபல், ஃப்ரன்ட், ஃபண்ட் என்ற மூன்று புலங்களிலும் உள்கணக்கைக் குறிக்க வேண்டும். பதிந்தவர் முதலாவதில் மட்டும் குறித்தார், அதுவே போதும் என்று நினைத்தார். சரிபார்த்தவரும் அப்படியே நினைத்தார். இறுதி ஒப்புதல் தந்த மூன்றாமவரும் அப்படியே. பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரவா என்று மென்பொருள் எச்சரித்தது. வட்டி வெளியே போகத்தானே வேண்டும் என்று ஒப்புதல் கொடுத்தார். எவ்வளவு பணம் என்று அந்தப் பெட்டி சொல்லவில்லை. சுமார் 89.4 கோடி டாலர் அசல் வங்கியின் சொந்தப் பணத்திலிருந்து போய்விட்டது. மறுநாள்தான் தெரிந்தது. கடன் கொடுத்தவர்களில் சிலர் சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தர மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் அது வங்கிக்குச் சாதகமாக மாறியது.

மூன்று பேரும் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று இதை முடித்துவிட நான் தயாராக இல்லை. மூவரும் பார்த்தது ஒரே திரையை. அந்தத் திரை எதைக் குறித்தார்கள் என்று காட்டியது. குறித்ததால் என்ன நடக்கும் என்று காட்டவில்லை. ‘வெளியே போகும் தொகை’ என்று ஓர் எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால், 78 லட்சத்தை எதிர்பார்த்தவருக்கு 90 கோடிக்கும் மேலான ஓர் எண் கண்ணை உறுத்தியிருக்கும். செக்கருக்குத் தனித் திரை வேண்டும். மேக்கர் நிரப்பிய படிவத்தின் நகலாக அது இருக்கக் கூடாது. யாருக்கு, எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து, போன மாதம் இதே ஆளுக்கு எவ்வளவு போனது என்று விளைவைச் சொல்லும் திரையாக இருக்க வேண்டும்.

கடைக்கு எது?

பில் வரிக்கு அன்டூ, அதுவும் வரி இருந்த இடத்திலேயே. பெட்டி வேண்டவே வேண்டாம். வாடிக்கையாளர் கணக்குக்குக் குப்பைத்தொட்டி. பாக்கி இருந்தால் மட்டும் தொகையைச் சொல்லும் பெட்டியும் சேரட்டும். பில் சேமித்து, எண் விழுந்தபின் அழிக்கும் பட்டனையே எடுத்துவிட்டு ரத்து அல்லது கிரெடிட் நோட். தீபாவளி எஸ்எம்எஸ் போனால் திரும்பாது, ஆனால் உடனே போயாக வேண்டிய அவசரமும் அதற்கு இல்லை. ‘4,120 பேருக்கு, இந்த வாசகம்’ என்று உண்மையான பெயர் நிரப்பிய ஒரு மாதிரியைக் காட்டுங்கள், பத்து நிமிடம் சர்வரில் நிறுத்திவையுங்கள், ‘நிறுத்து’ பட்டனை எல்லாப் பக்கத்திலும் தெரியும்படி வையுங்கள். சரக்குக்காரர்களுக்குப் பணம் போடுவதற்கு இரண்டாவது ஆள். கடையில் முதலாளி ஒருவர்தான் என்றால், குறிப்பிட்ட தொகைக்கு மேல் அடுத்த நாள் காலை அவரே மீண்டும் பார்த்து ஒப்புக்கொள்ளும்படி செய்யலாம். ராத்திரி களைப்பில் விட்டது காலையில் கண்ணில் படும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் கட்ட முடியாத சிறிய குழு என்றால் குப்பைத்தொட்டியிலிருந்து தொடங்கச் சொல்வேன். டேட்டாபேஸ் மாற்றம் என்பதால் பின்னால் சேர்ப்பது கடினம், அதே சமயம் வேறு எதுவுமே இல்லாத நாளிலும் அது ஒன்று இருந்தால் தரவு பிழைக்கும். மீட்கும் பட்டனைத் திரையில் வைக்க நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை. கடைக்காரர் போன் செய்தால் நீங்கள் எடுத்துக் கொடுக்கலாம். அப்படி வரும் போன் கால்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எதை மீட்கச் சொல்கிறார்கள், அழித்து எவ்வளவு நேரம் கழித்துக் கேட்கிறார்கள் என்ற அந்தக் குறிப்பைப் பார்த்தால் அடுத்து அன்டூ எங்கே வேண்டும், பெட்டி எங்கே வேண்டும் என்று முடிவெடுக்கலாம்.